நான் மாற்றிக்கொண்ட சீட்டு

எனக்கு வாய் நீளம். பீங்கான் கம்பெனியில் ஃபியூஸ் கட்டைகளைப் பளபளப்பு ஏற்றும் கிளேஸ் குழம்புத் தொட்டியில் முக்கி எடுப்பதுதான் என் வேலை. ஆனால் அதைச் சொல்லி யாரும் என்னை அடையாளம் காட்டியதில்லை. “வாய் கிழியப் பேசுவானே, அவன்தான்” என்பார்கள். விருத்தாசலத்தில் எந்தப் பட்டிமன்றம் நடந்தாலும் ஏதாவது ஓர் அணியில் நான் இருப்பேன். அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை வேறு.

எங்கள் தொழிலாளர் படிப்பகம் வருஷா வருஷம் ஒரு பட்டிமன்றம் நடத்தும். அணி பிரிக்கச் சீட்டுக் குலுக்குவோம். எது விழுகிறதோ அந்தப் பக்கம் பேச வேண்டும். உனக்கு அது சம்மதமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். மேடையில் ஒருவரை ஒருவர் கிழிகிழியென்று கிழித்துவிட்டு, இறங்கியதும் இரண்டு அணியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்போம். எழுபத்தொன்றாம் வருஷம் ‘சிக்கலைத் தீர்ப்பது போரா, பேச்சா?’ என்று தலைப்பு வைத்தார்கள். எனக்குப் ‘பேச்சு’ விழுந்தது. உள்ளுக்குள் சந்தோஷம். சண்டை என்றாலே எனக்கு ஆகாது. மூன்று நாள் உட்கார்ந்து எட்டுப் பக்கம் எழுதினேன். இன்றைய தேதி வரைக்கும் நான் எழுதியதில் உருப்படியானது அந்த எட்டுப் பக்கம்தான்.

எழுதி முடித்த வாரமே போர் வந்துவிட்டது.

ஊர் ஒரே நாளில் வேறாகிவிட்டது. முந்தின வாரம் “பேசித் தீத்துக்கலாமே” என்று சொன்ன வாய்களெல்லாம் டீக்கடை ரேடியோவுக்கு முன்னால் நின்று கைதட்டின. எனக்குப் பயம் வந்தது. பயம் மட்டும் என்று சொன்னால் அது பொய். இந்த முறை கைதட்டல் எதிர் அணிக்குத்தான் விழும் என்று தெரிந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

எதிர் அணியில் சூளை அண்ணன் ஒருவர் இருந்தார். சூளைக்குள் சரக்கு அடுக்குகிறவர். சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். ஐந்து வருஷமாகத் தற்காலிக ஆள். அந்த மாசம்தான் வேலையை நிரந்தரம் செய்கிறேன் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். வீட்டில் அண்ணிக்கு மூன்றாவது பிள்ளைக்கு மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. மேடையே ஏறாத மனுஷர். ஆள் குறைந்ததால் பெயர் கொடுத்திருந்தார்.

“அண்ணே, சீட்ட மாத்திக்கலாமா? எங்கிட்ட எழுதியே இருக்குது. நீங்க பாத்துப் படிச்சாப் போதும்.”

“நெஜமாவா தம்பி? என்னா பேசறதுன்னே தெரியாம முழிச்சிக்கிட்டு இருக்கேன். மேனேஜரு வேற வராராம்.”

“அதுக்குத்தாண்ணே சொல்றேன். நல்லாப் பேசுனா அவரு கண்ணுல படுவீங்க.”

“உனக்குப் புண்ணியமாப் போவும்பா” என்றார்.

சீட்டை மாற்றச் சொன்ன என் வாய் அதோடு நிற்கவில்லை. படிப்பகச் செயலாளர் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டபோது, “அவரே கேட்டு வாங்கிக்கிட்டாருங்க” என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்.

பட்டிமன்றத்தன்று அண்ணன் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். வரிக்கு வரி விரல் வைத்து நிதானமாகப் படித்தார். “செத்தவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் அன்றைக்கு அவன் வீட்டில் உலை வைக்க மாட்டார்கள்” என்ற இடம் வந்தபோது முன்வரிசைப் பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். கூட்டம் கேட்கத் தொடங்கியிருந்தது. என் எழுத்துக்கு விழுகிற மரியாதையைப் பார்த்து நானே பொறாமைப்பட்டேன்.

அடுத்து நான் எழுந்தேன். எந்த வரியில் எங்கே அடித்தால் விழும் என்று எழுதியவனுக்குத் தெரியாதா? ஒவ்வொன்றாக எடுத்து உதறினேன். போதவில்லை. “எதிரணி அண்ணனுக்கு எதிரி நாட்டில் மாமனார் வீடு இருக்கிறதோ என்னவோ! இருந்தால் சொல்லட்டும், சீர்வரிசையோடு அனுப்பி வைப்போம்” என்றேன். விசில் பறந்தது. மேனேஜர் தொடையில் தட்டிச் சிரித்தார். அண்ணனும் சிரித்தார், பட்டிமன்றம்தானே என்று. நடுவர் போர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அன்றைக்கு இரண்டு அணியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கவில்லை. என்னை மட்டும் தோளில் தட்டித் தனியே அழைத்துப் போய்விட்டார்கள்.

மறுநாள் சூளையடியில் ஆளாளுக்குக் கேட்டார்கள், “என்னாண்ணே, மாமனார் வூட்டுக்கு எப்பப் பயணம்?” சீட்டுக் குலுக்கியது எல்லோருக்கும் மறந்துபோனது. ‘கேட்டு வாங்கிப் பேசினான்’ என்பது மட்டும் கம்பெனி முழுக்கத் தெரிந்திருந்தது. இரண்டாம் நாள் மேனேஜர் அவரைக் கூப்பிட்டார். சாட்சிக்கு என்னையும்.

“சீட்டுல விழுந்துதுன்னா நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. நீயே கேட்டு வாங்குனியாமே?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மேஜைமேல் இருந்த பீங்கான் ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘நான்தாங்க மாத்திவிட்டேன், எழுதுனதும் நான்தான்’ என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஊர் முழுக்க நாக்கைச் சுழற்றுகிறவனுக்கு அது வரவில்லை.

“சீட்டு மாறுனது வாஸ்தவம்தாங்க” என்றார் அண்ணன். “ஆனா நாலு தடவ படிச்சுப் பாத்துட்டுத்தான் ஏறுனேன். அதுல தப்பா ஒரு வரியும் எனக்குத் தெரியலிங்க.”

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “யாராச்சும் எழுதிக் குடுத்தாங்களாய்யா இவனுக்கு?”

“தெரியாதுங்க” என்றேன்.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்திருக்கலாம். சாகவில்லை. அன்று மத்தியானமே அவரை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஏதாவது சொல்லலாம் என்று பின்னாலேயே போனேன். கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் இன்றைக்கு இத்தனை பாரம் இருக்காது.

“தம்பி, ஒண்ணு கேக்கணும். அத எழுதுனப்ப நீ மனசாரத்தான எழுதுன?”

“ஆமாண்ணே.”

“அப்பச் சரி. மேடையில நீ சொன்னதக் கேட்டதுலேர்ந்து அதுதான் சந்தேகமா இருந்துது” என்று சொல்லிவிட்டு, அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.