சிவப்புக் கொடியும் இரண்டு பலகைகளும்

பக்கத்துக் கரையில் ஒருத்தன் ஒரே பருவத்தில் மாடி கட்டிவிட்டானாம். மீன் பிடித்து அல்ல. அலையில் பலகை போட்டுச் சறுக்க வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விட்டு. முடிவெட்டும் கடையில் யாரோ சொல்ல, அதைக் கேட்ட மச்சான் ஓடிவந்து சொல்ல, கொடிக்காரர் வீட்டில் அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போனது.

கொடிக்காரர் என்ற பெயர் கட்சியால் வந்ததல்ல. விடிகாலையில் கரையில் நின்று கடலைப் பார்ப்பார். சரியில்லை என்றால் கம்பத்தில் சிவப்புக் கொடி ஏறும். ஏறிவிட்டால் ஒரு படகும் இறங்காது. முப்பது வருஷமாக இதுதான். அவர் கொடி பார்த்த காலத்தில் அந்தக் கரையில் ஒரு உயிரும் போகவில்லை. மீன்தான் போய்விட்டது.

மீன் போன இடத்துக்குச் சுற்றுலா அதிகாரிகள் வந்தார்கள். மூன்று நாள் பயிற்சி. எப்படிச் சிரிப்பது என்று இரண்டு நாள், துண்டை அன்னம் மாதிரி மடிப்பது ஒரு நாள். கடலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ‘அலை விருந்தோம்பல் தூதர்’ என்று ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டுப் போனார்கள். கொடிக்காரர் சும்மா கிடந்த படகு இன்ஜினை விற்று, முன்னறையை ஒட்டி ஒரு குளியலறை கட்டினார்.

மனைவிக்கு இதில் நம்பிக்கை இல்லை. நகரத்தில் ஒரு அடுக்குமாடியில் மாப்பிள்ளை இவருக்கு வாட்ச்மேன் வேலை பிடித்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“முதல் கெஸ்ட் ஒரு வாரம் முழுசா தங்கட்டும், இங்கேயே கிடப்போம். பாதியில ஓடினா, பெட்டியைக் கட்டுங்க. அவ்வளவுதான்” என்றாள்.

திங்கட்கிழமை இரண்டு பேர் வந்தார்கள், ஆளுக்கொரு பலகையோடு. ஒருவன் நெட்டை, ஒருவன் தாடி. மூன்று நாள் கடல் எண்ணெய் ஊற்றிவைத்த மாதிரி கிடந்தது. கொடிக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை.

“பாத்தீங்களா தம்பி, கிணத்துத் தண்ணி மாதிரி! தாராளமா இறங்குங்க.”

இருவரும் இறங்கி, வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி பலகைமேல் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார்கள்.

நான்காம் நாள் அலை ஆளுயரத்துக்கு எழும்பியது. நெட்டைக்குத் தலைகால் புரியவில்லை. கால் வழுக்காமலிருக்கப் பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், கம்பத்தில் கொடி, கேட்டில் பூட்டு.

“அண்ணே, இதுக்குத்தானே வந்தோம்!”

“சாகறதுக்கா? என் கரையில நடக்காது.”

“நீங்க தூதரா, ஜெயிலரா?” என்றான் தாடி.

“துவைச்ச துண்டு வச்சிருக்கேன். போய்ப் படுங்கப்பா” என்று சொல்லி, பயிற்சியில் காட்டியபடி பல் தெரியச் சிரித்தார்.

“இப்பவே வாட்ச்மேன் வேலைக்கு ஒத்திகையா?” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

ஐந்தாம் நாளும் கொடி, பூட்டு. மத்தியானம் அவர் கண் அசந்த அரைமணியில், இருவரும் பலகைகளைச் சுவருக்கு அந்தப்பக்கம் இறக்கி, ஆட்டோ பிடித்துப் பக்கத்துக் கரைக்குப் போய்விட்டார்கள். மேசைமேல் ஒரு சீட்டு: ‘பைகளைச் சாயங்காலம் எடுத்துக்கொள்கிறோம். அறையைக் காலி செய்கிறோம்.’

மனைவி சீட்டை இரண்டு தரம் படித்தாள். பெட்டியை எடுக்கவில்லை. போனை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

“பேசுங்க. பூட்டைத் திறந்துட்டேன், அலை நல்லா இருக்கு, இங்கேயே வந்து குதிங்கன்னு சொல்லுங்க.”

“அலை மோசமா இருக்குடி.”

“அந்த மோசத்துக்குத்தான் அவங்க காசு குடுக்கறாங்க!”

அலை நல்லா இருக்கு, அலை நல்லா இருக்கு என்று அவர் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தரம்தான் நாக்கு வளைந்தது. எண்ணை அழுத்தினார். மணி அடித்தது, ஓய்ந்தது. மறுபடி போட்டார்.

“எடுக்கலையா? தண்ணியில இருப்பாங்களா இருக்கும்” என்றாள்.

அவருக்கும் அதுதான் தோன்றியது. அந்தக் கரையில் கடல் பார்த்துச் சொல்ல ஆளில்லை. மாடி கட்டினவன் சொல்லவும் மாட்டான்.

மனப்பாடம் செய்த பேச்சு எங்கேயோ போய்விட்டது. “எடுங்கடா... டேய், எடுங்கடா” என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.