களஞ்சியத்துக் கூரைமேல் முழங்கால் தண்ணீர்

மூன்று மாதம் ஆகிவிட்டது. இன்னும் வானம் இருட்டினால் என் மகள் எங்கே என்றுதான் முதலில் தேடுகிறேன். கெட்டது எதுவும் நடக்கவில்லை. நாங்கள் ஜெயித்தோம். ஆனாலும் அந்த அரைமணி நேரத்தின் நடுக்கம் உடம்பைவிட்டு இறங்கவில்லை. எழுதினால் இறங்குமோ என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவில், பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஊருக்கு மேற்கே ஒரு மண்கோட்டை. பேர்தான் கோட்டை, மதில் கரைந்து ஆடு ஏறும் மேடாகிவிட்டது. உள்ளே முழுசாக நிற்பது பாளையக்காரர் காலத்துத் தானியக் களஞ்சியம் ஒன்றுதான். அறுபதடி நீளம், இருபதடி அகலம். இரண்டு வரிசைக் கல்தூண், அவற்றின்மேல் கல் உத்தரம், உத்தரத்தின்மேல் நெருக்கிப் பாவிய பலகைக்கல், அதற்கும் மேல் சுண்ணாம்புத் தளம். மொட்டை மாடியைச் சுற்றி முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவர். வாசலுக்கு எதிரே ஊர்ப் பொதுக்களம். களத்தில் கேழ்வரகு அடிக்கும்போது மழை பிடித்தால் ஆளும் ஆடும் தானியமும் களஞ்சியத்துக்குள் போய்விடும். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. கால் தானாக ஓடும்.

ஊரில் எட்டாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். நானும் அந்த எட்டாவதோடு நின்றவள்தான். இந்த வருஷம் என் மகள் அதை முடித்தாள். நாத்தனார் தன் பையனுக்குப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார். மகளைக் காவேரிப்பட்டினத்தில் உறவுக்காரர் வீட்டில் விட்டுப் படிக்க வைக்கலாம் என்று நான் சொன்னேன்.

"பொட்டப்புள்ளைய ஊரான் வூட்டுல வுட்டுட்டு நீ தூங்குவியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

தூங்க மாட்டேன். அது இருவருக்கும் தெரியும்.

அந்த நேரத்தில்தான் எங்கள் ஊருக்கே ஹைஸ்கூல் தருவதாகச் செய்தி வந்தது. ஆனால் ஜூன் மாதத்துக்குள் நாங்கள் கட்டடம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பள்ளி வேறு ஊருக்குப் போய்விடும். எங்களிடம் இருந்தது களஞ்சியம் ஒன்றுதான். ஊரே கூடி வௌவால்களை விரட்டி, தரையைக் கழுவி வைத்தது.

கட்டடத்தைச் சோதிக்கச் சேலத்திலிருந்து இன்ஜினீயர் வந்தார். இளவயசுக்காரர், மரியாதையான மனிதர். நடுப் பலகைக்கல்லின் குறுக்கே ஓடிய கறுப்புக் கோடு ஒன்றை அண்ணாந்து பார்த்தார். "வெடிப்பு மாதிரி இருக்கு. இதை இடிச்சிட்டு, இந்தக் கல்லையே அஸ்திவாரத்துக்குப் போட்டுப் புதுசா கட்டிடலாம். மூணு வருஷம் ஆகும்" என்றார்.

மூன்று வருஷத்தில் என் மகள் கையில் பிள்ளை இருக்கும்.

எங்கள் ஊர்க் கல்வேலை மேஸ்திரி தெலுங்குக்காரர். அவர் ஏணி போட்டு ஏறி, சுத்தியால் ஒவ்வொரு கல்லையும் தட்டிக் காட்டினார். "வெடிச்ச கல்லு தகரமாட்டம் கத்தும் சார். இது மணியாட்டம் கேக்குது. அது வெறும் பொகைக் கோடு."

"மணிச் சத்தத்தை நான் ரிப்போர்ட்டுல எழுத முடியுமா மேஸ்திரி?" என்று இன்ஜினீயர் சிரித்தார்.

"அப்ப எதைத்தான் எழுத முடியும்?" என்று கேட்டுவிட்டேன். முன்னால் நின்ற ஆண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கூரைமேல் சதுர அடிக்கு அறுபது ராத்தல், அதாவது அறுபது பவுண்டு வீதம் பாரம் ஏற்றி, ஒரு நாள் முழுக்க வைத்து, கல் இறங்காமல் நின்றால் எழுதித் தருவதாகச் சொன்னார். அதற்கு மணல் மூட்டை ஐந்நூறாவது வேண்டும்.

ஐந்நூறு சாக்கு எங்கள் ஊரில் இல்லை. ஆனால் எட்டாவதில் படித்த ஒரு கணக்கு மட்டும் எனக்கு மறக்கவில்லை. ஒரு கன அடித் தண்ணீர் அறுபத்திரண்டரை ராத்தல். "ஒரு அடிக்குத் தண்ணி நிறுத்தினா போதுங்களா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார். "போதும். ஆனா மாடியில எப்படிம்மா தண்ணி நிக்கும்?"

"வயல்ல நிறுத்துறவங்களுக்கு மாடியில நிறுத்தத் தெரியாதுங்களா?" என்றார் என் வீட்டுக்காரர். எனக்காக அவர் வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் விடிந்ததும் வேலை தொடங்கியது. மாடியிலிருந்து மழைநீர் விழும் ஆறு துவாரங்களையும் ஏரிக் களிமண்ணும் வைக்கோலும் சேர்த்து இரண்டு பக்கமும் திமிசுக்கட்டையால் இடித்து அடைத்தார்கள். கோட்டைக் கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓடியது. கிணற்றிலிருந்து களஞ்சியத்தின் வெளிப்படிக்கட்டு வழியாக மாடிவரைக்கும் வரிசை கட்டி நின்று குடம் மாற்றினோம்.

"யக்கா, உம் பொண்ணு படிக்கறதுக்கு எங்க இடுப்பு ஒடியுது!" என்றாள் வரிசையில் ஒருத்தி.

"உம் பொண்ணு மட்டும் அஞ்சாவதோட நின்னுடுமா? தூக்குடி!" என்றேன்.

மாலைக்குள் ஒரு அடி நின்றது. இன்ஜினீயர் உள்ளே ஏணியில் ஏறி, காலையில் தண்ணீர் ஏற்றுமுன் சுவருக்குச் சுவர் இறுக்கிக் கட்டியிருந்த நூலுக்கும் நடுக் கல்லுக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். காலையில் இருந்த அதே இரண்டு அங்குலம். என் மகள் அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டாள். "நாளைக்கு சாயந்திரம் வர்றேன். அதுவரை உள்ள யாரும் போகக் கூடாது. கண்டிப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போகவில்லைதான். ஆனால் மறுநாள் காலையில் பக்கத்துக் குக்கிராமத்துக் கொட்டாய்க்காரர்கள் குடத்தோடு வந்துவிட்டார்கள். தங்களைக் கூப்பிடவில்லை என்று அவர்களுக்குக் கோபம். "எங்க புள்ளைங்களும்தான் இங்க படிக்கப் போவுது. எங்க தண்ணி மட்டும் வேணாமா?" என்று கேட்டால் யார் என்ன சொல்வது? கேட்டது ஒரு அடி. நின்றது ஒன்றரை அடி. முழங்கால் தண்ணீரைப் பார்த்து ஊரே பூரித்தது. பாரமும் ஏறுகிறதே என்று நான் மட்டும் வாசலில் நின்று நடுக் கல்லை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் இன்ஜினீயரின் ஜீப் களத்தோரம் வந்து நின்றது. அவர் இறங்கும்போதே கோடை மழை கொட்டத் தொடங்கியது. வேடிக்கை பார்க்க நாற்பது பேர் களத்தில் நின்றிருந்தார்கள். என்ன நடந்தது என்று யோசிப்பதற்குள் நடந்துவிட்டது. அத்தனை பேரும், மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளோடு சேர்ந்து, களஞ்சியத்துக்குள் ஓடினார்கள். நானும் வீட்டுக்காரரும் மாடிப்படியில் நின்றிருந்தோம். என் மகளின் நீலப் பாவாடை வாசலில் நுழைந்து மறைவதை மேலிருந்து பார்த்தேன்.

தண்ணீர் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வழிந்தது. வீட்டுக்காரர் கடப்பாரையால் ஒரு துவாரத்தைக் குத்தினார். களிமண் அசையவில்லை. அவ்வளவு நன்றாக அடைத்திருந்தோம்.

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. முட்டி பெயர்ந்த தழும்பு இருக்கிறது. புளியமரத்தடியில் குடையோடு நின்று இன்ஜினீயர், "வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார். மழைச் சத்தத்தில் உள்ளே யாருக்கும் கேட்கவில்லை. தலை துவட்டிக்கொண்டு, நல்ல மழை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே மகளைத் தேடினேன்.

என் மகள் ஏணியின் உச்சியில் இருந்தாள், கையில் அடிக்கோலோடு. சரியாக அந்த நடுக் கல்லுக்குக் கீழே.

"எறங்குடி!" என்று அவள் காலைப் பிடித்தேன்.

"இரும்மா. ரெண்டு அங்குலம்! நேத்து இருந்த அதே ரெண்டு அங்குலம்!"

"எறங்கு!"

"இன்னொரு வாட்டி அளந்துக்கறேம்மா."

அந்த நேரத்தில் ஒரு இடி. கண் கூசுகிற மின்னல். புளியமரத்தடியில் நின்றவர் குடையை விட்டெறிந்துவிட்டு நேராக உள்ளே ஓடிவந்து ஆடுகளுக்கு நடுவில் நின்றார்.

"சார், உள்ள யாரும் வரக்கூடாதுன்னு யாரோ சொன்னாங்களே!" என்றார் மேஸ்திரி.

களஞ்சியமே சிரிப்பில் அதிர்ந்தது. அவரும் சிரித்தார், ஆனால் முகம் வெளுத்திருந்தது. என் மகளை இறங்கச் சொல்லி, தானே ஏறி அளந்தார். மறுபடி அளந்தார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் அளந்தார்.

"ஒன்றரை அடிக்கு மேல தண்ணி. ஒரு நூல்கூட எறங்கலை" என்றார்.

"ஏமீ காலேது!" என்று கூவினார் மேஸ்திரி. ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் அதையே எல்லோரும் கத்தினார்கள். பக்கத்துக் கொட்டாய்க்காரர் ஒருவர் மேஸ்திரியைத் தோளில் தூக்கிக்கொண்டார். நான் கத்தவில்லை. ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்து, மகளின் மணிக்கட்டைப் பிடித்தபடி அழுதேன். "கை வலிக்குதும்மா" என்று அவள் சொன்னபோதும் விடவில்லை.

கட்டடம் உறுதியானது, இடிக்க வேண்டியதில்லை என்று இன்ஜினீயர் அங்கேயே, ஜீப்பில் உட்கார்ந்தே எழுதிக் கொடுத்தார். பிறகு வெளிச்சத்துக்காக நான்கு ஜன்னல்கள் திறந்தோம். தூண் ஒன்றையும் தொடக் கூடாது என்று மேஸ்திரி கூடவே நின்று பார்த்துக்கொண்டார். கரும்பலகைக்காக ஒரு பக்கச் சுவரை மட்டும் வழவழப்பாகப் பூசினார்கள். மற்றபடி கல் கல்லாகவே இருக்கிறது.

ஜூன் மாதத்தில் பள்ளி திறந்தது. நாலாவது பாரத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், முதல் பேராக என் மகளைச் சேர்த்தார்கள். வெளியூரிலிருந்து வந்த புதுத் தலைமையாசிரியர், பெற்றோர் கைநாட்டு வைக்க வேண்டும் என்று மை டப்பாவை என் பக்கம் தள்ளினார். நான் பேனாவைக் கேட்டேன். எழுத்து கோணலாகத்தான் விழுந்தது. அவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, "எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"எட்டாவது" என்றேன். "இவ இன்னைக்கு என்னைத் தாண்டிட்டா."