இருபது கைகள்

எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடல் ஆராய்ச்சியிலிருந்து ஓய்வு பெற்று, மன அமைதிக்காகத் திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியவர். மௌனத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். நான் பக்கத்திலேயே வேங்கிக்காலில் வீட்டில் உட்கார்ந்து, கல்லூரிப் பிள்ளைகளின் விலங்கியல் ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து கொடுப்பவள். யாரோ சொல்லி என்னைக் கூப்பிட்டனுப்பினார். தென்துருவக் கடலின் அடியாழத்தில் ஓர் உயிரினம் கிடைத்திருந்தது. நட்சத்திர மீனுக்கு உறவு, சுற்றிலும் இறகு போன்ற கைகள். இதுவரை யாரும் பார்க்காத இனமாம். அதை அறிவிக்கும் கட்டுரைக்கு அவருக்குப் படம் வேண்டும்.

பதினெட்டு கைகள் என்று எழுதி வைத்திருந்தார். கப்பலில் எடுத்த புகைப்படங்களைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, நான்கு மாதம் பேனாவால் புள்ளி புள்ளியாக வரைந்தேன். அடிப்பக்கத்தில் இரண்டு கைகள் முறிந்து அடிக்கட்டை மட்டும் மிஞ்சியிருந்தது.

"சார், இருபதுங்க" என்றேன்.

உற்றுப் பார்த்தார். பதினெட்டை அடித்துவிட்டு இருபது என்று எழுதிக்கொண்டார்.

கட்டுரையில் என் பெயர் வந்தால், அதைக் காட்டி ஆராய்ச்சி நிலையங்களில் ஓவியர் வேலைக்கு மனுப் போடலாம். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். கடைசிப் படத்தைக் கொடுக்கும்போது வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"பேரு எதுக்கும்மா? பேருங்கறதே அகங்காரம். இந்த ஊர்ல பொறந்துட்டு இது கூட தெரியலியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப உங்க பேரையும் எடுத்துடுங்க சார்" என்றேன். நான் ஏதோ வேடிக்கையாகச் சொன்னதுபோலச் சிரித்தார்.

கட்டுரை வந்தது. மேலே கொட்டை எழுத்தில் அவர் பெயர். உள்ளே என் படம், ஒரு புள்ளி பிசகாமல். நன்றி சொல்லும் பகுதியை மூன்று தடவை படித்தேன். கப்பல் ஊழியர்களுக்கு நன்றி. இதை எழுதும்போது துணை நின்ற திருவண்ணாமலை மலைக்கு நன்றி. அவ்வளவுதான். அழுதேன், அத்தனையும் ஆத்திரம்.

போன வாரம் கையில் ஒரு பென் டிரைவோடு வீடு தேடி வந்தார்.

"இன்னொரு புது உயிர் கெடச்சிருக்கும்மா. இதுக்கும் நீதான் வரையணும். உன்ன விட்டா ஆளே இல்ல."

உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே சொன்னேன்.

"மலைதான் இருக்கே சார். அதுகிட்டயே வரைஞ்சு வாங்கிக்கங்க."