திரும்பாத கழுத்து

வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையின் வாகனத் தரிப்பிடத்தில் அவரைச் சந்தித்தேன். அறுபது வயதிருக்கும். கட்டையாக வெட்டிய நரைமுடி, கஞ்சி போட்ட பருத்திச் சேலை. தூணுக்கும் வேனுக்கும் நடுவில் ஒரேயொரு இடம்தான் மிச்சம். அவர் காரை நிறுத்தி இறங்கி, பின்பக்கக் கமராவைக் கைக்குட்டையால் ஆற அமரத் துடைத்துவிட்டு மறுபடி ஏறினார். பின்னால் நான்கு கார்கள் காத்திருந்தன, முதலாவது என்னுடையது. எல்லோரும் ஹோர்ன் அடித்தோம்.

பொறுமையிழந்து நான் இறங்கிப் போனேன்.

"அன்ரி, விடுங்கோ, நான் பார்க் பண்ணித் தாறன்."

அவர் முழு உடம்பையும் திருப்பி என்னைப் பார்த்தார்.

"ஒப்பரேஷனுக்குப் பிறகு என்ர கழுத்து திரும்பாது, தம்பி. காரை வித்துப்போடச் சொல்லி வீட்டில ஒரே சண்டை. ஸ்டியரிங்கைத் திருப்ப ஸ்கிரீனில இந்தக் கோடும் திரும்புது, பாத்தீங்களா? எனக்கு அது காணும், திரும்பிப் பாக்கத் தேவையில்லை. நீங்கள் போய் வேணுமெண்டா இன்னும் ஹோர்ன் அடியுங்கோ."

திரையில் மஞ்சள் கோடுகள் வளைந்தன. தூணில் உரசாமல் கார் மெல்ல உள்ளே போய் நின்றது. அப்பாடா என்று நான் என் காரில் ஏறினேன். அதற்குள் அவருடைய கார் மறுபடியும் வெளியே வந்தது! கொஞ்சம் கோணலாக நின்றதாம். பின்னாலிருந்தவர்கள் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவேயில்லை. நான் மட்டும் அடிக்கவில்லை. அவர் அவசரப்படாமல் பின்னுக்கு எடுத்து, நேராக நிறுத்தி, சேலையை உதறிக்கொண்டு கடைக்குள் போனார்.

முதல் தடவையே போதுமானதாக இருந்தது. அந்த இரண்டாவது தடவை யாருக்காக என்று இன்னமும் யோசிக்கிறேன்.