பாலர் வகுப்பறையில் கேட்டது

ஒருவர் என்னை நம்பிச் சொன்ன ரகசியத்தை, அவருடைய மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னேன். போதையில் உளறவில்லை. காலை பத்தரை மணிக்கு, காபி குடித்துவிட்டு, யோசித்துச் சொன்னேன். பின்னால் வருவதைப் படித்து யாரும் என்மேல் இரக்கப்பட்டுவிடக் கூடாது என்பதால் இதை முதலில் எழுதுகிறேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இரும்புலியூரில் எங்கள் அடுக்ககத்துக்கு மாதம் ஒருமுறை வருவார். நான் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன்; மனைவி இறந்தபின் பகலிலேயே குடிக்கத் தொடங்கியிருந்தேன். ஒரு பிற்பகல் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. அவர் கதவை நெம்பித் திறந்தபோது நான் தரையில் நனைந்த வேட்டியோடு உட்கார்ந்திருந்தேன். வாட்ச்மேனை ஏதோ சாக்குச் சொல்லி மாடிக்கு அனுப்பிவிட்டு, தன் துண்டை என் இடுப்பில் சுற்றி, வீடுவரை கொண்டுவந்து விட்டார்.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் ரெடியா இருங்க சார். நம்மள மாதிரி ஆளுங்க கீற எடத்துக்குப் போலாம்."

துண்டுக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. 'நம்மள மாதிரி' என்ற சொல்தான் உறுத்தியது.

ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து சற்று உள்ளே, ஒரு தேவாலயத்தின் பாலர் வகுப்பறையில் கூட்டம் நடந்தது. குழந்தைகளின் குட்டி பெஞ்சுகளில் பெரிய ஆண்கள் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நண்பருக்காக விசாரிக்க வந்திருப்பதாகச் சொன்னேன். "எல்லாருக்கும் அதே ஃப்ரெண்டுதான் சார்" என்றார் ஒருவர். அறையே சிரித்தது. குடிக்காமல் எத்தனை நாள் என்று சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொருவரும் பேசத் தொடங்குவார்கள். யாரும் குறுக்கே பேசுவதில்லை, புத்தி சொல்வதில்லை. முடித்ததும் எல்லாரும் "நன்றி" என்பார்கள். இங்கே கேட்டதை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் அங்கிருந்த ஒரே சட்டம்.

அந்த அறையில்தான் மெக்கானிக் அதைச் சொன்னார். மகளுக்கு ஐந்து வயதிருக்கும்போது, குடிவெறியில், கொதிக்கும் கஞ்சிப் பானையை எட்டி உதைத்தாராம். பிள்ளையின் முதுகு வெந்துபோனது. அவளே பானையை இழுத்துப் போட்டுக்கொண்டாள் என்று அம்மாக்காரி சொல்லி வளர்த்தாள். "இன்னும் அதத்தான் நம்பிக்கினு கீது. எனக்கு எண்ணெ தேச்சி உடுது சார், அந்தப் பொண்ணு" என்று அழுதார். நானும் மற்றவர்களோடு சேர்ந்து "நன்றி" சொன்னேன்.

சில மாதங்களில் எனக்குக் குடிக்காமல் தொண்ணூற்றாறு நாள் ஆனது. அதில் ஒரு நாள் பொய். உறவினர் வீட்டு விசேஷத்தில் குடித்துவிட்டு மறைத்திருந்தேன். தேநீர் வாங்கும்போது மெக்கானிக் மெதுவாகச் சொன்னார்: "மொகத்துலயே தெரியுது சார். பொய் சொல்லிக்கினு குந்தியிருந்தா பெஞ்சுதான் தேயும்." அடுத்த வாரம் எல்லார் முன்னாலும் எழுந்து கணக்கை ஒன்றிலிருந்து தொடங்கினேன். அலுவலகத்தில் முப்பது பேரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டவனை ஒரு மெக்கானிக் நிற்கவைத்துவிட்டான் என்று மனத்துக்குள் கருவிக்கொண்டே இருந்தேன்.

மகளுக்கு வரன் வந்தபோது, விசாரிக்கிறவர்களுக்கு அவர் கொடுத்தது என் எண்ணை. "பெரிய மனுசன் நீங்க. நாலு வார்த்த நல்லதா சொல்லுங்க சார்." மாப்பிள்ளையின் மாமா கேளம்பாக்கத்திலிருந்து பேசினார். பெண்ணின் குணம், அப்பாவின் பழக்கம் எல்லாம் கேட்டார். நல்ல பெண் என்றேன். அப்புறம், "முதுகைப் பற்றிச் சொன்னார்களா?" என்று கேட்டேன். அவர் பதறினார். முழுவதும் சொன்னேன். சொல்லும்போது, எழுதவே கூசுகிறது, ஒரு சுகம் இருந்தது.

சம்பந்தம் அன்று மாலையே முறிந்தது. முறித்தவர்கள் காரணத்தைப் பெண்ணிடமே சொன்னார்கள், யார் சொன்னது என்பதையும் சேர்த்து. மெக்கானிக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார், வேலைக்கும் வரவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பள்ளிக்கரணையில் அவர் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். மகள் கதவைப் பாதி திறந்து நின்றாள். மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

"எங்கப்பா உங்கள நம்பினாரு. நான் எங்கப்பாவ நம்பினேன். இப்ப சாரி சொல்லிட்டா உங்களுக்குத் தூக்கம் வரும். எங்களுக்கு இன்னா வரும் சார்?"

உள்ளேயிருந்து குழறிய குரல் கேட்டது. "யாரும்மா, சாரா? உள்ள கூப்டும்மா. டீ போடு."

அவள் கதவைச் சாத்தினாள்.

அடுத்த ஞாயிறு பாலர் வகுப்பில் நான் செய்ததைச் சொன்னேன். வழக்கப்படி எல்லாரும் "நன்றி" என்றார்கள். ஆனால் அன்றைக்கும் அதற்குப் பிறகும் யாரும் தங்கள் கதை எதையும் சொல்லவில்லை. நாள் கணக்கை மட்டும் சொல்லிவிட்டு, வெயில் அதிகம் என்று உட்கார்ந்துகொண்டார்கள். சொல்ல முடியாததால் ஒருவர் மறுபடி குடிக்கப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டதும் நான் அங்கே போவதை நிறுத்திக்கொண்டேன். நான் நின்றபின் மெக்கானிக் திரும்பி வந்தாராம். மகள்தான் ஸ்கூட்டியில் கொண்டுவந்து இறக்குகிறாளாம், அவரோடு பேசுவதில்லையாம்.

இப்போது நான் பேருந்து மாறி வேறொரு ஊரின் கூட்டத்துக்குப் போகிறேன். அங்கே முதல் நாளே இவ்வளவையும் சொன்னேன். எல்லாரும் "நன்றி" என்றார்கள். அடுத்துப் பேச வேண்டியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் வைத்திருந்த காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "எனக்கு இன்னிக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.