அப்பா அழித்து எழுதிய கதை

இன்று காலை முத்தாபுதுப்பேட்டை வீட்டில் என் மகள் பென்சில் சீவினாள். அந்த மரவாசனை என்னை ஆவடி குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்பா தொழிற்சாலையில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பென்சிலால் சிறுகதை எழுதுவார். எழுதுவதைவிட அழிப்பதுதான் அதிகம். வேப்பமர நிழல் தரையில் அசைந்துகொண்டிருக்க, ரப்பர் துகள்களை நான் ஊதிக்கொண்டிருப்பேன்.

என் தம்பி மூன்று வயதில் காய்ச்சலில் போனான். வெள்ளானூரில் பிறந்து வளர்ந்த அம்மா அதற்குப் பிறகு அழவும் இல்லை, அதிகம் பேசவும் இல்லை. அப்பா தம்பியைப் பற்றி ஒரு கதை எழுதினார். முதலில் பன்னிரண்டு பக்கம். ஆஸ்பத்திரி வருகிற இடங்களை அழித்தார், தம்பியின் பெயரையும் அழித்தார். கடைசியில் ஒரே பக்கம் மிஞ்சியது.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துக் காட்டினேன். வேலை முடிந்து வருகிற ஒருவன், பழக்கத்தில் பிள்ளைகளுக்கென்று இரண்டு பன் வாங்கிவிடுகிறான். வாசலுக்கு வந்த பிறகுதான் நினைவு வருகிறது. அங்கேயே நிற்கிறான். அவ்வளவுதான் கதை.

"எம்புள்ள எங்க கீறான் இதுல?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா தயங்கினார். "ரெண்டாவது பன்னுல," என்றார்.

 அம்மா என்னிடம், "இன்னொரு தபா படி," என்றாள். பாதி படிப்பதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள். அப்பா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

அவருடைய மற்ற கதைகள் பத்திரிகைகளில் வந்தன. இதை மட்டும் அவர் எங்கும் அனுப்பவில்லை. ஏன் என்று இன்றுதான் அப்பாவிடம் கேட்டேன்.

"கேக்க வேண்டியவ கேட்டுட்டாளே," என்றார்.