பரீட்சை வாசலில் சொன்ன பொய்

ஒஸ்லோவில் என் மகள் உயர்நிலைப் பள்ளியில் கடைசி வருடம் படித்தபோதே பல்கலைக்கழகக் கணிதப் பாடமொன்றையும் எடுத்திருந்தாள். அதன் பரீட்சையன்று காலை, மண்டப வாசலில் அவளுடன் நின்றேன். கைத்தொலைபேசி ஒலித்தது. என் மனைவி இருந்த மருத்துவமனையின் தாதி பேசினார்: இருவரும் உடனே வாருங்கள், நேரம் அதிகமில்லை.

“அம்மாவோ?” என்றாள் மகள்.

“ஓம். உன்னை வடிவா எழுதட்டாம்.”

“உங்கடை முகம் ஏன் இப்பிடிக் கிடக்கு?”

“சோதனை எண்டால் எனக்கு இப்பவும் பயம்தான். நீ போ, பிள்ளை.”

சிரித்துக்கொண்டு உள்ளே போனாள்.

யாழ்ப்பாணத்தில், பரீட்சையைத் தவறவிட்டவன் வாழ்க்கையைத் தவறவிட்டவன் என்று நம்பி வளர்ந்தவன் நான். மருத்துவமனைக்கு ஓடினேன்.

மனைவி ஒன்றுதான் கேட்டாள். “பிள்ளை எங்கை?”

“சோதனை எழுதுறாள்.”

அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு மணியளவில் அந்தப் பார்வை அசைவற்றுப் போயிற்று.

மண்டபத்துக்குத் திரும்பி, மேற்பார்வையாளரான முதிய பெண்மணியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என் கையைப் பற்றிக்கொண்டார்.

“முன்பே சொல்லியிருக்கலாமே. மருத்துவரின் கடிதம் இருந்தால் ஜனவரியில் எழுதலாம்.”

மகள் வெளியே வந்தாள். “எல்லாம் செய்திட்டன் அப்பா! வாங்கோ, அம்மாட்டைப் போவம்.”

“திடீரெண்டு நடந்திட்டுது, பிள்ளை” என்றேன்.

பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் படித்தவளுக்கு அந்த விதி தெரியாமல் இருக்காது. ஆனாலும் அந்த அழைப்பில் என்ன சொன்னார்கள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

தமிழ் வாசிக்க அவளுக்குக் கற்பித்தவன் நான். இதை வாசிப்பாள்.